உயர்சொல்லும் ஒருமையும்: கிளவியாக்க நூற்பா ஒன்றும் சடையங்குப்பத்துப் பேச்சும்

வடசென்னைத் துறைமுகப் பகுதியின் பேச்சில் மரியாதைப் பன்மை அருகியே வருகிறது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 'வாங்க', 'சொல்லுங்க' போன்ற வடிவங்கள் அங்கே குறைவு. 'வா', 'சொல்லு', 'குந்து' மிகுதி. இதிலிருந்து அங்கே மரியாதையே குறைவு என்ற முடிவுக்குத் தாவும் ஆய்வுப் போக்கோடுதான் இக்கட்டுரை மாறுபடுகிறது. வினைமுற்றின் விகுதியை எண்ணிப் பண்பை அளக்கலாம் என்பது அப்போக்கின் நம்பிக்கை. தமிழில் மரியாதை பன்மை விகுதியில் குடிகொண்டிருப்பதற்கு மிகப் பழைய சான்றாக அது முன்வைப்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் ஒரு நூற்பாவை. சேனாவரையர் பாடத்தில் 27ஆவது. அந்த நூற்பாவை மறுபடி படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அது சொல்வது சுருக்கமானது. ஒருவரைப் பன்மையால் சொல்வதும், அஃறிணை ஒன்றைப் பன்மையால் சொல்வதும் வழக்கில் தோன்றிய உயர்சொற்கள். இலக்கண நெறியில் அவற்றுக்கு இடமில்லை. உரைமரபு இதனை வழுவமைதியாகக் கொண்டது: இலக்கணப்படி வழுவே ஆனாலும் வழக்கு நோக்கி ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிற்கால ஆய்வு இந்த ஏற்பை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைசி அடியின் மறுப்பை ஒரு சம்பிரதாயத் தயக்கமாகக் கடந்துபோனது. எனக்கு அந்த மறுப்பே நூற்பாவின் கருத்தாகப் படுகிறது. எண் உணர்த்துவது இலக்கணத்தின் வேலை. உயர்வு உணர்த்துவது பேசுவோர் இருவருக்கும் இடையிலுள்ள உறவின் வேலை. இரண்டாவதை முதலாவதன் கணக்கில் எழுதக் கூடாது என்று ஆசிரியர் எல்லை கட்டுகிறார் என்றே கொள்கிறேன். இந்த வாசிப்பை ஐயத்துக்கு இடமின்றி நிறுவிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நூற்பாவுக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள சான்றுகள் இதன் பக்கமே சாய்கின்றன.

முதலாவது, அஃறிணையைச் சேர்த்தது. மதிப்பு விகுதியிலேயே அடங்கியிருக்குமானால் அது ஒரு விலங்குக்கும் பொருளுக்கும் ஏன் போக வேண்டும்? கேட்பவரின் தகுதியைவிடப் பேசுபவரின் மனநிலையே அங்கே விகுதியைத் தேர்கிறது.

இரண்டாவது சான்று இன்னும் வலியது. அதைப் போதிய அளவு யாரும் பயன்படுத்தாதது வியப்பளிக்கிறது. இந்த நூற்பாவின் உரையிலேயே சேனாவரையர் ஒரு தடையை எழுப்பி விடை சொல்கிறார். தொண்டன் ஒருவனைத் 'தொண்டனார்' என்று பன்மையில் சொல்லி இழிவுபடுத்துகிறார்களே, அங்கே உயர்வு எங்கே என்பது தடை. உயர்சொல்தான் அங்கே குறிப்பினால் இழிவை விளக்குகிறது என்பது அவர் விடை. அவர் அந்த வாக்கியத்தை விதிவிலக்கு என்று தள்ளிவிடவில்லை. வடிவம் மாறவே இல்லை, அதே 'ஆர்', அதே பன்மை வினை. பயன் மட்டும் தலைகீழாகிவிட்டது. மரியாதைப் பன்மை வருமிடமெல்லாம் மரியாதை இருக்கும் என்ற கணக்கெடுப்பு முறைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு நம் மரபில் வேண்டியதில்லை. கணக்கெடுப்பவரின் அட்டவணையில் அந்தத் தொண்டன் மதிக்கப்பட்டவனாக ஏறியிருப்பான்.

நன்னூலும் இதே திசையில்தான் நிற்கிறது. பவணந்தி தம் 379ஆம் நூற்பாவில் பாலும் திணையும் மயங்குவதற்கான காரணங்களாக மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு ஆகியவற்றோடு சினத்தையும் இழிவையும் ஒரே வரிசையில் வைக்கிறார். உயர்வுக்கு அவர் தனிப் பீடம் எதுவும் தரவில்லை. புறநானூற்றுப் புலவர்கள் வேந்தர்களை 'நீ' என்று முகத்துக்கு நேரே ஒருமையில் பேசியதையும் இங்கே நினைக்க வேண்டும். அது செய்யுள் மரபு என்று ஒதுக்குவார்கள். ஒருமை அவமதிப்பாக ஒலித்திருந்தால் அது மரபாகியிராது என்பதே அதற்குப் போதுமான விடை.

இனி சடையங்குப்பம். மணலி மண்டலத்தில், கொசஸ்தலையாற்று வெள்ளம் வந்து நிற்கும் தாழ்நிலத்தில், பர்மா நகரை ஒட்டிய ஊர் இது. சுற்றிலும் ஆலைகள். இந்தப் பகுதியின் பேச்சைச் சற்றே காதுகொடுத்துக் கேட்டவர்களுக்கு மரியாதை எங்கே குறிக்கப்படுகிறது என்பது தெரியும். 'அண்ணா, நீ குந்து', 'யக்கா, நீ சொல்லு', 'வா நைனா', 'இன்னாம்மா வேணும் உனக்கு'. வினை ஒருமையில் நிற்கிறது. விளி முறைப்பெயராக வருகிறது. மதிப்பின் சுமை முழுவதையும் அந்த விளி தாங்குகிறது. பெரியவர் ஒருவரை மொட்டையாக 'வா' என்றால் அங்கேயும் சண்டைதான். முன்பின் அறியாதவரை 'டா' போட்டால் கைகலப்பில் முடியலாம். விதி இல்லாத இடத்தில் விதிமீறலுக்குக் கோபம் வராது. விளியை விட்டுவிட்டு விகுதியை மட்டும் எண்ணுபவர்களுக்கு அந்த விதி கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். கைப்பேசியில் தட்டச்சு செய்யும்போது இந்த ஊர்க்காரர்களின் செய்திகள் வெளியாருக்குக் கடுமையாகத் தோன்றக்கூடியதற்கும் காரணம் இதுவே: அவசரத்தில் முதலில் விடுபடுவது அந்த 'அண்ணா'தான்.

விகுதி அளவுகோல் எந்த மண்ணில் செய்யப்பட்டது என்பதும் கவனிக்கத் தக்கது. பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் வெளியிட்டு 1987இல் நூலாக்கிய மரியாதைக் கோட்பாட்டுக்கு ஆங்கிலமும் மெக்சிகோவின் ட்செல்டால் மொழியும் தமிழும் அடித்தளம். அதன் தமிழ்ச் சான்றுகள் கோவை வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் திரட்டப்பட்டவை. அங்கே யார் யாருக்குப் பன்மை தருகிறார் என்பது சாதி அடுக்கோடு பின்னிக் கிடந்தது. லெவின்சனே அதனைப் பின்னர் தனியாக எழுதினார். வேளாண் சிற்றூரின் சாதி அடுக்கைத் துல்லியமாகக் காட்டிய கருவியைத் துறைமுகப் பகுதிக்கு எடுத்துவந்து 'பண்பு' அளந்தது பொருந்தாத வேலை.

இங்கே எழும் ஒரு மறுப்பை மட்டும் எளிதாகக் கடக்க முடியாது. தமிழகத்தில் ஒருமை என்பது ஆதிக்கத்தின் ஆயுதமாக இருந்திருக்கிறது, இருக்கிறது. வயதில் மூத்த தலித் ஒருவரை ஆதிக்கச் சாதிச் சிறுவன் 'வாடா' என்பதும், அவர் பதிலுக்கு 'சாமி' என்பதும் பழங்கதை அல்ல. அப்படியிருக்க ஒருமையைப் போற்றுவது யாருக்கு உதவும்? சிறுவர்களையும் 'வாங்க' என்றே அழைத்தவர் பெரியார் என்று அவரோடு பழகியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லாரையும் பன்மைக்கு உயர்த்துவது சுயமரியாதைக்கு ஒரு வழி. அந்த வழியின் மேன்மையை நான் குறைக்கவில்லை. ஆனால் அந்தக் காட்சியில் காயம் எங்கே இருக்கிறது? சிறுவன் தருவதும் பெரியவர் தருவதும் வேறு வேறாக இருப்பதில்தான். 'அண்ணா, நீ' என்றவனுக்கு 'தம்பி, நீ' என்று பதில் திரும்பும் இடத்தில் அந்தக் காயம் இல்லை. துறைமுகப் பகுதியில் சாதி இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அங்கேயும் ஒருவழி ஒருமை உண்டு, அது கேட்டவுடன் அடையாளம் தெரியும். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், 2015இல் திருத்தப்பட்ட பின்னும்கூட, பொதுப்பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தும் நோக்கத்தையே தேடுகிறது. நீதிமன்றம் வினையின் விகுதியைச் சோதிப்பதில்லை என்று நீங்கள் சொல்லலாம்; நானும் அதையே சொல்கிறேன். எண்ண வேண்டியது போனதும் திரும்பி வந்ததும் ஒன்றா என்பதை.

இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சடையங்குப்பம் 2011 வரை தனி ஊராட்சி. அவ்வாண்டு சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட 25 ஊராட்சிகளில் அதுவும் ஒன்று. ஊராட்சித் தலைவரை முறைசொல்லி அழைக்க முடியும். மண்டல அலுவலகத்தில் 'சார்' மட்டுமே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் கடலோரக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. இப்படிப்பட்ட பகுதியில் மக்கள் அரசோடு முகம்பார்த்துப் பேசும் முறையான இடம் சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொது விசாரணை. அங்கே 'நீ சொல்லு சார்' என்ற கேள்வி, 'மரியாதையாகப் பேசுங்கள்' என்ற அதட்டலுக்கு மிக எளிதாக இடம் கொடுத்துவிடும். அதன் பிறகு பேச்சு கேள்வியை விட்டுக் கேட்டவரின் நடத்தைக்குப் போய்விடும். நடவடிக்கைக் குறிப்பிலோ அவர் 'திரு', 'அவர்கள்', 'தெரிவித்தார்' என்று முழு உயர்சொல்லோடு ஏற முடியும், கேள்வி இல்லாமலே. சேனாவரையரின் தொண்டனாரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2006 செப்டம்பர் 14ஆம் நாள் வெளிவந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. எல்லாக் கருத்துகளும் பிழையின்றிப் பதிவாக வேண்டும். கூட்ட முடிவில் உள்ளூர் மொழியில் படித்து விளக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மணலி, எண்ணூர்ப் பகுதியில் இனி நடக்கும் விசாரணைகளில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேள்விகளை மக்கள் கேட்ட வாய்மொழியிலேயே, அவர்களின் அண்ணனும் அக்காவும் ஒருமையும் சிதையாமல் எழுதி, கேட்டவர் ஒப்புக்கொண்ட பிறகே கையெழுத்துக்கு வைக்க வேண்டும்.