குடும்பப் பெயரும் குருதிவழியும்

தமிழர் தம் பெயருக்கு முன் இடும் தந்தையின் முதலெழுத்து ஒரு தலைமுறையோடு மாறிவிடும். ஆங்கிலேயரின் குடும்பப் பெயர் அப்படியன்று. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் நிலவுடைமையாளரிடையே வேரூன்றி, பிறகு எளிய மக்களிடமும் பரவிய அப்பெயர்கள் நூற்றாண்டுகளாகத் தந்தைவழி இறங்கி வருகின்றன. ஆணின் ஒய் குரோமோசோமும் பெரும் மாற்றமின்றித் தந்தையிடமிருந்து மகனுக்கே செல்வது. அவ்வாறாயின், ஒரே பெயர் தாங்கிய ஆடவரின் ஒய் குரோமோசோம்கள் ஒத்திருக்க வேண்டுமல்லவா?

ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் இக்கேள்வியைத் தம் பெயரிலேயே சோதித்தார். ‘சைக்’ என்பது வட இங்கிலாந்து வழக்கில் சிற்றோடை. ஓடைகள் பலவாதலால் அப்பெயரைப் பலர் தனித்தனியே சூடியிருப்பர் என்பதே ஆவணங்கள் தந்த எண்ணம். 2000-இல் வெளியான ஆய்விலோ, சோதிக்கப்பட்ட 48 சைக்ஸ்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. மூதாதை ஒருவரே என அவர் முடிவு கட்டினார். எஞ்சியோரின் வேறுபாட்டை, எழுநூறு ஆண்டுகளில் தலைமுறைக்குச் சுமார் 1.3 சதவீதம் என நேர்ந்த தந்தைவழி முறிவுகளால் விளக்கினார்.

எல்லாப் பெயர்களும் இவ்வாறு பேசுவதில்லை. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜோப்லிங்கும் 2009-இல் 40 பெயர்களை ஆராய்ந்து வெளியிட்டனர். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தமையால், கொல்லரைக் குறிக்கும் ‘ஸ்மித்’ என்ற பெயர் எவ்வுறவையும் காட்டவில்லை. ‘அட்டன்பரோ’ போன்ற அரிய பெயருடையோரில் பெரும்பாலோர் ஒரே வழியினராக இருந்தனர்.

அதே டூரி கிங் முன்நின்று நடத்திய மற்றொரு சோதனைதான் சிந்திக்க வைப்பது. 1485-இல் பாஸ்வொர்த் போரில் மாண்ட மன்னன் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் 2012-இல் லெஸ்டரின் வாகன நிறுத்துமிடம் ஒன்றன் அடியில் கிடைத்தன. 2014-இல் முடிவுகள் வெளிவந்தன. தாய்வழியே மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ., ரிச்சர்டின் தமக்கை ஆனின் பெண்வழியில் வந்த, இன்று வாழும் இருவருடையதோடு பொருந்தியது. ஆண்வழியில் நிலைமை வேறு. ரிச்சர்டின் கொள்ளுப்பாட்டனுக்குத் தந்தையான மூன்றாம் எட்வர்டின் வழிவந்தவராக ஏடுகள் காட்டும் சாமர்செட் குடும்பத்தினர் ஐவரின் ஒய் குரோமோசோமும் மன்னனுடையதோடு பொருந்தவில்லை. அந்த ஐவரிலும் நால்வர் தமக்குள் ஒத்திருக்க, ஒருவர் மட்டும் வேறுபட்டார். ரிச்சர்டுக்கும் ஐந்தாம் போஃபர்ட் கோமகனுக்கும் இடையிலான 19 கண்ணிகளில் எங்கு முறிவு நேர்ந்தது என்பதை இச்சோதனை சொல்லவில்லை.

திருமணந்தோறும் பெயர் மாறி, வரலாற்றின் ஓரத்தில் ஒதுங்கிய பெண்வழி ஐந்து நூற்றாண்டுகளைக் கடந்து அறுபடாமல் வந்திருக்கிறது. பட்டமும் நிலமும் சேர்த்துக் காக்கப்பட்ட ஆண்வழி எங்கோ அறுந்திருக்கிறது.

பெயர் பொருந்தவில்லை என்றதும் மூதாட்டி ஒருத்தியின் ஒழுக்கத்தின் மீது பழி போடுவோர் உண்டு. தத்தெடுத்தல், விதவையின் மகன் மாற்றாந்தந்தையின் பெயரை ஏற்றல், தாய்வழிச் சொத்தோடு தாய்வழிப் பெயரையும் பெறுதல் என அனைத்தும் சோதனைத் தாளில் ஒரே முறிவாகவே தோன்றும். காரணத்தைச் சொல்லப் பழைய பதிவேடுகள் வேண்டும். அவையும் பல வேளைகளில் மௌனம் காக்கும்.

சாமர்செட் என்ற பெயரின் தோற்றத்தையே பாருங்கள். மூன்றாம் சாமர்செட் கோமகன் ஹென்றி போஃபர்ட்டுக்குத் திருமணத்துக்குப் புறம்பே பிறந்த மகன் சார்லஸ், தந்தையின் பட்டத்தையே தன் குடும்பப் பெயராக்கிக் கொண்டான். போஃபர்ட்டுகளின் முன்னோரும் பெற்றோரின் மணத்துக்கு முன் பிறந்து, 1397-இல் நாடாளுமன்றத்தின் வழியே முறையான வாரிசுகள் ஆனவர்களே. இவன் எம்மவன் என ஒரு குடும்பமும் ஊரும் ஏற்றுக்கொண்டதற்கான சாட்சியமே குடும்பப் பெயர். உமிழ்நீரைக் குப்பியில் அடைத்து அனுப்புவோர் அதனிடம் கேட்கக்கூடியதும் அவ்வளவே.