பச்சைச் சுவடுகள் – 23: கோவிந்துவின் குறிஞ்சி

கோவைப் பருத்திப் பண்ணையை விட்டு, 1853-இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் சீமைக்குப் புறப்பட்ட இடத்தில் போன வாரம் நிறுத்தினோம். அவரோடு தென்னாட்டுச் செடிகளும் கட்டுக்கட்டாய்க் கடல் தாண்டின. கப்பல் ஏறுமுன் ஒருவரைப் பார்த்துவிட வேண்டும். அவர் பெயர் கோவிந்து.

மலைச்சரிவில் பூத்த குறிஞ்சியை ஒடித்து, தாள்களுக்கிடையே அழுத்தி, காயவைத்து ஒட்டி, இடமும் தேதியும் எழுதினால் அது சான்று. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்குத் தேதிதான் உயிர். அந்த ஒரு வரியை வைத்தே முந்தைய பூப்புகளை எண்ண முடியும்.

ஆனால் அழுத்தியதும் நீலம் வெளுக்கும், மணிபோன்ற பூ சப்பையாகும். குறிஞ்சியில் இனம் பிரிப்பது பூவின் உள்ளேதான். கேசரம் இரண்டா நான்கா, ரோமம் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். காய்ந்த பூவை வெந்நீரில் ஊறவைத்துப் பிரிப்பவர்களுக்கு அந்தப் பாடு தெரியும்.

வைட்டுக்கு அந்தப் பாட்டைக் குறைத்தவர்கள் முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. பூவைப் பிளந்து, உறுப்புகளைப் பெரிதாக்கித் தனித்தனியே வரைந்தார்கள். 1853-இல் முடிந்த வைட்டின் 'ஐகோனஸ்' ஆறு தொகுதிகள். சென்னைக் கல்லச்சில் 2,101 படங்கள். இலை நரம்பு ஒவ்வொன்றும் கணக்காக இருக்கும். என்னைக் கேட்டால், அந்த நூலின் நாயகர்கள் இவர்கள் இருவரும்தான்.

வைட் நியாயமானவர். படத்தடியில் ஓவியர் பெயரை அச்சிட்டார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயியா' என்று பெயரிட்டார். பின்வந்தவர்கள் அதை 'ட்ரோபிடியா'வில் சேர்த்துவிட்டதால் அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லை. பெயர்விதிப்படி அது சரியாக இருக்கலாம். என் மனம் ஒப்பவில்லை.

அதைவிட உறுத்துவது இன்னொன்று. 1866, 67-இல் கியூ தோட்டத்திலிருந்து பல நாடுகளுக்கும் பிரித்தனுப்பிய வைட்டின் தாள்களில் அச்சிட்ட சீட்டு ஒன்று இருக்கும். இடம் 'இந்தியத் தீபகற்பம்' என்பதோடு சரி. எந்த மலை, எந்த மாதம் என்று பல தாள்களில் இல்லை. வைட் கூலி கொடுத்து அனுப்பிய உள்ளூர்ச் சேகரிப்பாளர்கள் அட்டை கடித்த காலோடு சோலைக்குள் நுழைந்து செடி ஒடித்தார்கள். எந்தச் சரிவு, எந்த ஓடைக்கரை என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பெயரை எழுதியிருந்தால் இடமும் கூடவே வந்திருக்கும். பெயரை விட்டார்கள், மலையும் தொலைந்தது.

கோவிந்துவுக்காவது படத்தடியில் ஒரு வரி மிஞ்சியது.

கப்பல், அடுத்த வாரம்.