சென்னை மாகாணத்தில் பெண்கள் உயர்கல்வி

சென்னை மாகாணத்தில் பெண்களின் உயர்கல்வி மருத்துவத்தில் தொடங்கியது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய பெண்கள் சிகிச்சையின்றி மடிந்ததே அவர் மருத்துவம் பயிலக் காரணம். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, மன்னரின் அனுமதியுடன் ஆண்கள் கல்லூரியில் பயின்று, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

இளம் வயதிலேயே கைம்பெண்ணான சகோதரி சுப்புலட்சுமி, 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தம்மைப் போன்ற கைம்பெண்களுக்கு இல்லம் அமைத்து, அவர்களைப் படிக்கவைத்தார். 1914இல் மெரினா கடற்கரையில் அரசு மகளிர் கல்லூரி தொடங்கியது. 1917இல் அது இராணி மேரி கல்லூரி எனப் பெயர் பெற்றது. முதல் முதல்வர் டோரதி டி லா ஹே. 1915இல் மகளிர் கிறித்தவக் கல்லூரி உருவானது.

பொறியியலின் கதவு தாமதமாகவே திறந்தது. குழந்தையுடன் கைம்பெண்ணான அ. லலிதா, கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பயின்று 1943இல் தேறினார்.

விடுதலைக்குப் பின், 1984இல் தமிழக அரசு அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தை நிறுவியது. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது.