தீயும் வாசலும்: யாழ்ப்பாணம் பொதுசன நூலகத்தின் வரலாறு



திருவாலங்காடு எழுத்தால் அறியப்பட்ட ஊர். இராசேந்திர சோழனின் புகழ்பெற்ற செப்பேடுகள் இங்கேதான் கிடைத்தன. மன்னர் குலத்தின் வரிசையும் கோயிலுக்குக் கொடுத்த ஊரின் விவரமும் செம்பில் ஏறி, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் நிலைத்துவிட்டன. அந்த நிலத்தில் உழைத்தவர்கள் எழுத எந்தச் செம்பும் இல்லை. எதை எழுதுவது, எங்கே வைப்பது, யார் படிப்பது என்பதை அதிகாரத்தில் இருந்தவர்களே முடிவு செய்தார்கள். இந்த நிலையை மாற்ற வந்த அமைப்பு பொது நூலகம். அது எவ்வளவு மாற்றியது என்று பார்ப்பதற்காக, கடலுக்கு அப்பால் உள்ள ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் 1933இல் கே.எம். செல்லப்பா தம் வீட்டிலேயே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். 1934இல் ஒரு வாடகை அறையில், 844 நூல்களோடு அது பொது நூலகமானது. பிறகு நகர நிர்வாகம் அதை ஏற்றது. புதிய கட்டடத்துக்கு நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். சென்னையைச் சேர்ந்த வி.எம். நரசிம்மன் திராவிடக் கட்டடக் கலைப் பாணியில் வடிவமைத்தார். 1959 அக்டோபர் 11 அன்று மேயர் அல்பிரட் துரையப்பா அதைத் திறந்துவைத்தார்.

1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் அந்த நூலகம் எரிக்கப்பட்டது. மாவட்ட சபைத் தேர்தலுக்காக யாழ்ப்பாணத்தில் குவிக்கப்பட்டிருந்த போலீசாரும் அவர்களோடு வந்தவர்களும் அதைச் செய்தார்கள். சுமார் 97,000 நூல்களும் பழைய ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. ஓர் இனத்தின் நினைவை அழிக்கச் செய்த குற்றம் அது. அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் யாழ்ப்பாணத்தில் படிப்பின்மேல் வைக்கப்பட்ட முதல் தீ அதுவல்ல. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக உட்காரவேண்டும் என்ற உத்தரவு வந்தது. ஆதிக்கச் சாதியினர் அதை எதிர்த்தார்கள். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பள்ளிகள் எரிந்தன. அந்தத் தீயை வைத்தவர்கள் தமிழ் பேசியவர்கள். வகுப்பில் பெஞ்சு கிடைக்காத பிள்ளை எந்த நூலகத்தின் மேசைக்கு வந்து சேரும்?

1957இல் இலங்கை அரசு தீண்டாமைக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மக்கள் போராட வேண்டியிருந்தது. அந்த மண்ணிலிருந்துதான் கே. டேனியல் ‘பஞ்சமர்’ எழுதினார். டொமினிக் ஜீவா முடிதிருத்தும் சலூனில் வேலை செய்துகொண்டே 1966இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கினார். அந்தச் சலூனும் ஒரு நூலகம்தான். அதற்குத் திறப்பு விழா நடக்கவில்லை, அவ்வளவுதான்.

எரிந்த கட்டடம் புதுப்பிக்கப்பட்டு, 2003 பிப்ரவரியில் திறக்கத் தயாரானது. அப்போதைய மேயர் செல்லன் கந்தையன் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். எதிர்ப்பால் விழா நின்றது; மாநகர சபை உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். எதிர்த்தவர்கள் அரசியல் காரணங்களைச் சொன்னார்கள். சாதியே காரணம் என்று தலித் தரப்பினர் எழுதினார்கள். பின்னர் ஆரவாரம் இல்லாமல் நூலகம் திறந்தது. எரித்த இரவை ஆண்டுதோறும் நினைக்கும் நாம், திறக்க முடியாமல் போன அந்த நாளையும் சேர்த்தே நினைக்கவேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர் வரலாறு சொல்பவர் அல்ல.

இந்தக் கேள்வி நம் பக்கமும் பழையதே. பொதுச்சாலை, கிணறு, பொதுக்கட்டடம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1948இல் சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாகச் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வரி கட்டும்போது சேரி வீடு, ஊர் வீடு என்ற பேதம் இல்லை.

ஆகவே நம் ஊர்களில் கேட்கவேண்டியதைக் கேட்போம். நூலகம் ஊருக்குள் இருக்கிறதா, சேரிப் பிள்ளை தயங்காமல் போகும் இடத்தில் இருக்கிறதா? கம்பெனி ஷிப்ட் முடிந்து வரும் இளைஞனுக்கு அது திறந்திருக்கிறதா? அயோத்திதாசரின் எழுத்தும் அம்பேத்கரின் தொகுதிகளும் அலமாரியில் உண்டா? இல்லையென்றால் மனு எழுதுவோம், உறுப்பினர் ஆவோம், போய் உட்காருவோம். நம் பிள்ளைகள் தினமும் ஏறி இறங்கும் படிதான் பொது நூலகத்தின் படி.

ஜெய்பீம்.