பிரிண்டருக்கு விலாசம் எழுதிய ராத்திரி

2008 மார்ச் 31. நாக்பூர் கிளையில் ஆண்டுக் கணக்கு முடிக்கிற நாள். சாயங்காலம் பிரிண்டர் மண்டையைப் போட்டுவிட்டது. அவசரத்துக்கு வந்த மாற்று பிரிண்டரில் பொத்தான் இரண்டு, விளக்கு மூன்று, திரை கிடையாது. அதற்கு ஒரு ஐ.பி. முகவரி கொடுத்தால்தான் நெட்வொர்க்கில் வேலை செய்யும். ராத்திரிக்குள் அறிக்கைகள் அச்சாகிக் கையெழுத்தாக வேண்டும். எங்கள் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் போனில் ஹிந்தியில், "கறுப்புத் திரையைத் திறங்க சார், நான் சொல்றதை அப்படியே அடிங்க" என்றார். நானோ பி.காம்.!

அடித்தது ஆர்ப், பிங் என்று இரண்டே கட்டளைகள். அவற்றின் கதையைப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

ஆர்ப் பிறந்தது 1982 நவம்பரில். டேவிட் பிளம்மர் எழுதிய ஆர்.எஃப்.சி. 826 என்ற ஆவணம். ஈதர்நெட் கருவி ஒவ்வொன்றுக்கும் தயாரிக்கும்போதே 48 பிட்டில் ஒரு மேக் எண் உண்டு. ஐ.பி. என்பது நாம் தருவது. மேக் உடம்பிலிருக்கும் மச்சம், ஐ.பி. வாடகை வீட்டு விலாசம். (மூன்று வருஷத்துக்கொரு தரம் மாற்றலாகிறவனுக்கு வேறென்ன உதாரணம் தோன்றும்?) "இந்த ஐ.பி. யாருடையது?" என்று கம்ப்யூட்டர் பொதுவாகக் கூவும். உரியவர் மேக் எண்ணைச் சொன்னால் பட்டியலில் குறித்துக்கொள்ளும். சரிபார்க்கிற பேச்சே இல்லை. அந்தக் காலத்தில் எங்களிடம் கணக்குத் தொடங்கவே பழைய வாடிக்கையாளரின் அறிமுகக் கையெழுத்து வேண்டும். ஆர்ப்புக்கு அதுகூட வேண்டாம்.

அந்த வெகுளித்தனம்தான் அன்று கைகொடுத்தது. 'ஆர்ப்' போட்டு, இடைக்கோடு, 'எஸ்', புது ஐ.பி., பிரிண்டரின் மேக் எண் என்று அடித்தால், கேட்காமலே பட்டியலில் ஏறிவிடும். பிறகு அந்த ஐ.பி.க்கு பிங் அனுப்பினால், பொட்டலம் நேரே அந்த மேக் எண்ணுக்குப் போகும். விலாசமில்லாத பிரிண்டர், "என் பெயருக்கு வந்திருக்கிறது, அப்போ இதுதான் என் விலாசம்" என்று எடுத்துக்கொள்ளும்! எச்.பி. ஜெட்டைரக்ட் கையேடுகளிலும் இந்த வழி உண்டு. ஆனால் அந்தக் கருவி 192.0.0.192 என்ற ஆலை முகவரியோடு இருக்கும் வரைதான் இதைக் கேட்கும். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் விலாசத்தை மாற்றிவிடலாமே!

பிங்கை 1983 டிசம்பரில் எழுதியவர் மைக் மூஸ். அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் வேலை. ஒரு நெட்வொர்க் கோளாறைக் கண்டுபிடிக்க எழுதியது, சோனார் எழுப்பும் ஒலிதான் பெயராயிற்று. விலாசம் ஒட்டுவதற்கு அது பயன்படும் என்று அவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

இத்தனைக்கும் 1985-ல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டர், ஆப்பிள்டாக் மூலம் தன் விலாசத்தைத் தானே தேர்ந்துகொண்டது. ஐ.பி. உலகில் முகவரியைத் தானாக வினியோகிக்கும் டி.எச்.சி.பி. 1993-ல்தான் வந்தது. எங்கள் கிளையில் 2008-லும் அது வரவில்லை :-)

சரி, அன்றைய ராத்திரி. பிரிண்டர் துப்பிய சோதனைத் தாளில் மங்கலாயிருந்த 8-ஐ 'பி' என்று படித்துவிட்டேன். பிங்குக்குப் பதிலே இல்லை. முக்கால் மணி நேரம் போன பிறகு கடைநிலை ஊழியர் ஒருவர் தாளை விளக்குக்கு நேரே பிடித்து, "சாஹிப், இது எட்டு" என்றார். பழைய வரியை அழித்துவிட்டுத் திரும்ப அடித்தேன். நான்கு வரி பதில் வந்தது. முதல் அறிக்கை வெளியே வரும்போது மணி பதினொன்றரை.