சந்தாவும் கொடையும்: ஹார்வர்ட் இசைச் சங்கத்தின் தொடக்கம் குறித்து ஒரு மறுவாசிப்பு

அமெரிக்காவில் கலை நிறுவனங்கள் எப்படிப் பொருளுதவி பெற்று நிலைத்தன என்று எழுதுகிறவர்களில் பலர் பால் டிமாஜியோவிடமிருந்தே தொடங்குகிறார்கள். 1982இல் ‘மீடியா, கல்ச்சர் அண்ட் சொசைட்டி’ இதழில் இரு பகுதிகளாக வெளிவந்த அவரது கட்டுரை, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாஸ்டனில் ‘உயர்கலை’ என்ற தனி உலகம் எப்படிக் கட்டப்பட்டது என்று காட்டுகிறது. அவர் சொல்லும் கதை இது: நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நல்ல ஓவியமும் வேடிக்கைப் பொருளும் ஒரே கண்காட்சியில் கிடந்தன, சிம்பொனியும் தெருப் பாட்டும் ஒரே மேடையில் ஒலித்தன. பாஸ்டனின் பழம்பெரும் குடும்பச் செல்வர்கள் லாபநோக்கற்ற அறக்கட்டளை என்ற வடிவத்தைக் கையிலெடுத்து, 1870இல் நுண்கலை அருங்காட்சியகத்தையும் 1881இல் சிம்பொனி இசைக்குழுவையும் நிறுவி, கலையைத் தங்கள் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தார்கள். முயற்சி, வகைப்படுத்தல், சட்டகமிடல் என்று இந்த நிகழ்வை அவர் மூன்றாகப் பிரித்தது பின்வந்தோருக்கு வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது.

இந்தக் கதையில் ஹார்வர்ட் இசைச் சங்கத்துக்கு ஓரிடம் உண்டு. ஆனால் அது முன்னோட்டத்துக்குரிய இடம். அந்தச் சிம்பொனி இசைக்குழுவை நிறுவிய ஹென்றி லீ ஹிக்கின்ஸன் வெற்றிகரமாகச் செய்ததை அவருக்கு முன்பு செய்ய முயன்று, அமைப்பு வலிமை போதாமல் தோற்றவர்கள் என்ற அளவிலேயே சங்கத்தார் வருகிறார்கள். டிமாஜியோவின் பொதுவாதத்தோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. சங்கத்தை ஓர் இசைக்குழுவின் கருவாக மட்டும் படிப்பதுதான் பிழை என்கிறேன். அது தொடங்கியபோது இசைக்குழு அதன் கனவிலேயே இல்லை. ஒரு பல்கலைக்கழகத்துக்குள் இசைக்கு இடம் பிடிக்க வேண்டும், அதற்கு அங்கே படித்தவர்கள் ஆண்டுதோறும் கூடி, ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும் என்பதே அதன் முதல் எண்ணம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால், உறுப்பினர் சந்தாவால் கலையைத் தாங்கும் முறையின் வரலாறே செல்வர்களின் வரலாற்றுக்கு ஓர் அடிக்குறிப்பாகிவிடும்.

பியரியன் சோடாலிட்டி என்ற மாணவர் இசைக்குழு ஹார்வர்டில் 1808இல் உருவானது என்பது தெரிந்த செய்தி. புல்லாங்குழலும் வயலினும் வாசிக்கத் தெரிந்த இளைஞர்கள் மாலையில் கூடி வாசிப்பார்கள். இரவில் வீட்டு வாசல்களில் நின்று வாசித்துவிட்டு வருவார்கள். அக்குழுவைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. 1832 வாக்கில் அது தேய்ந்து ஹென்றி காஸெட் என்ற ஒரே மாணவரோடு நின்றதாம். அவர் குழுவைக் கலைக்கவில்லை. தாமே கூட்டத்தைக் கூட்டி, தாமே தலைமை தாங்கி, தாமே புல்லாங்குழல் வாசித்து, பிறகு ஒருவரைப் பிடித்து உறுப்பினராக்கிக் குழுவை மீட்டாராம். கதையில் எவ்வளவு உப்பும் காரமும் பின்னால் சேர்ந்தன என்பதை விட்டுவிடலாம். வாசிக்க ஆளில்லாதபோதும் உறுப்பினர் என்ற நிலை தொடர்ந்தது என்பதே இதில் நமக்கு வேண்டியது. கூட்டம், தலைமை, தேர்வு ஆகிய சடங்குகள் இசையைவிட ஒருபடி உறுதியாக நின்றிருக்கின்றன. ஐந்தாண்டு கழித்து எழுந்த பெரிய சங்கம் இந்தச் சடங்குகளைத்தான் வரித்துக்கொண்டது.

1837 ஆகஸ்ட் 30, பட்டமளிப்பு நாள். பழைய மாணவர்கள் ஹார்வர்ட் இருக்கும் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிவரும் நாள் அது. பியரியன் குழுவின் முன்னாள், இந்நாள் உறுப்பினர்கள் ஒன்றுகூடி ஒரு பொதுச் சங்கம் அமைத்தார்கள். அந்தக் கூட்டத்தின் முன் வைக்கப்பட்ட அறிக்கை ஜான் சல்லிவன் டுவைட் எழுதியதாகக் கருதப்படுகிறது. டுவைட் 1832இல் ஹார்வர்டில் பட்டம் பெற்றவர். சமயக் கல்வியை முடித்துவிட்டு, பிரசங்க மேடையில் ஒட்டாமல் தவித்துக்கொண்டிருந்த இளைஞர். பின்னாளில் அமெரிக்க இசை விமர்சனத்தின் மூத்த குரலாக அவர் ஆனார் என்பதால், இந்த அறிக்கையையும் அந்த முதியவரின் கண்ணாடி வழியாகவே படிக்கும் பழக்கம் ஏற்பட்டுவிட்டது. அதை அதன் காலத்திலேயே நிறுத்திப் படிக்க வேண்டும்.

அறிக்கையில் என் கவனத்தை இழுப்பது அதன் வரிசை. முதலில் நட்பு: ஒன்றாக வாசித்தவர்கள் பிரிந்துபோகாமல் ஆண்டுக்கொரு முறை சந்திக்க வேண்டும். அடுத்து பல்கலைக்கழகம்: பிற பாடங்களைப் போலவே இசையும் முறையான கல்வியில் இடம்பெறத் தகுதியுள்ளது, மற்றக் கலைகளுக்கும் அறிவியலுக்கும் இருப்பதுபோல் அதற்கும் ஒரு பேராசிரியர் பதவி வேண்டும். இதோடு ஒரு நூலகம். பாஸ்டன் நகரத்துப் பொதுமக்களுக்கான கச்சேரி பற்றிய அக்கறையோ, நிலையான இசைக்குழு ஒன்றைப் பற்றிய பேச்சோ இதன் மையத்தில் இல்லை. பேராசிரியர் பதவியை உடனே கேட்கும் துணிவும் அவர்களுக்கு இல்லை; அதற்கான சூழலை மெல்ல ஆக்க வேண்டும் என்ற தொனிதான் இருக்கிறது. கையில் பெருநிதி இல்லாதவர்கள் பேசும் பேச்சு இது. ஒரு செல்வர் முன்வந்தால் மறுநாளே ஒரு பதவிக்கு மூலதனம் வைத்துவிடலாம். சந்தாக்காரர்களால் அது முடியாது. அவர்களால் முடிந்தது, அடுத்த ஆண்டும் அதே நாளில் வருவது.

இங்கே பெயர் வேறுபாடு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1837இல் அமைந்த சங்கத்தின் பெயர், பியரியன் குழுவின் முன்னாள், இந்நாள் உறுப்பினர்களின் பொதுச் சங்கம் என்று நீளமாக இருந்தது. 1840இல் அது ஹார்வர்ட் இசைச் சங்கம் ஆனது. சங்கத்தின் பிறப்பாண்டை 1837 என்று எழுதுகிறவர்களும் உண்டு, 1840 என்று எழுதுகிறவர்களும் உண்டு. இதைத் தீர்த்துவைக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இரண்டு வேறு செயல்களின் ஆண்டுகள். முதற்பெயர் ஒரு மாணவர் குழுவின் நீட்சி. இரண்டாவது ஒரு நிறுவனத்தின் பெயரைத் தாங்கியது; ஆனால் அந்த நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு உட்பட்டதன்று. ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரை வெளியிலிருந்து சுமந்துகொண்டு, அதன் உள்ளே ஒரு கலைக்காகக் கதவைத் தட்டும் இந்த நிலைதான், என் கணிப்பில், பிற்காலப் பல்கலைக்கழகக் கலைநிகழ்ச்சிகளுக்குத் தோள்கொடுத்த உறுப்பினர் அமைப்புகளின் நிலையும்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளை வேகமாகக் கடக்கலாம். ஆண்டுக் கூட்டங்களில் உரைகள் நடந்தன. 1841இல் டுவைட்டே உரையாற்றினார். 1844இல் ஜோனஸ் சிக்கரிங்கின் பியானோ அறைகளில் சிற்றவைக் கச்சேரிகள் தொடங்கின. 1845இல் சங்கம் சட்டப்படி பதிவுபெற்றது. பாஸ்டன் மியூசிக் ஹால் கட்டும் யோசனையும் சங்கத்தின் கூட்டமொன்றில்தான் கிளம்பியது. ஒரு லட்சம் டாலர் திரட்டப்பட்டு, 1852 நவம்பரில் மண்டபம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் டுவைட்டின் இசை இதழும் சங்கத்தின் உதவியோடு தொடங்கியது. இதில் ஒரு மாற்றம் தெளிவு: சங்கத்தின் முகம் கேம்பிரிட்ஜிலிருந்து ஆற்றைக் கடந்து பாஸ்டன் பக்கம் திரும்பிவிட்டது. டிமாஜியோவின் கதை சூடுபிடிப்பதும் இங்கேதான்.

1865இன் இறுதியில் சங்கம் தன் சிம்பொனிக் கச்சேரிகளைத் தொடங்கியது. நடத்துநர் கார்ல் ஸெர்ரான். திட்டம் டுவைட்டுடையது, அதன் தூண்கள் நான்கு: லாபத்துக்காக நடத்துவதில்லை, நல்ல ரசிகர்கள் கொண்ட ஒரு வட்டம் முன்கூட்டியே பணம் கட்டிவிடும், மலிந்த ரசனைக்கு வளையாத தூய நிகழ்ச்சிநிரல் இருக்கும், வாத்தியக்காரர்களுக்கு மேலான வேலையும் சற்று மேலான ஊதியமும் கிடைக்கும். இரண்டாவது தூணைப் பாருங்கள். இதுதான் டிமாஜியோவும் அவரைப் பின்பற்றுவோரும் ‘சந்தா’ என்று ஒரே பையில் போடுவது. ஆனால் சங்கத்துக்குள் இப்போது இரண்டு வகைப் பணம் ஓடுகிறது. ஒன்று, உறுப்பினராக இருப்பதற்கான ஆண்டுப் பணம். மற்றொன்று, ஒரு பருவத்துக் கச்சேரிகளுக்கு முன்கூட்டிச் சீட்டு வாங்கும் பணம். முன்னது ஒரு நோக்கத்துக்குச் செலுத்துவது. பின்னது ஓர் இருக்கைக்கு. நம் ஊர் சபாவில் ஆயுள் உறுப்பினரையும் மார்கழி சீசன் டிக்கெட் வாங்கியவரையும் செயலாளர் எவரும் ஒரே கணக்கில் எழுதமாட்டார்.

1882இல் நின்றுபோனது இரண்டாவது பணம். காரணங்கள் வெளிப்படை. 1869 முதல் தியடோர் தாமஸ் தன் இசைக்குழுவோடு பாஸ்டனுக்கு வரத் தொடங்கினார். ஓயாமல் ஒத்திகை பார்த்துப் பழகிய அந்தக் குழுவின் முன், அவ்வப்போது கூடி வாசிக்கும் உள்ளூர்க்காரர்கள் எடுபடவில்லை. டுவைட் வாக்னரையும் லிஸ்ட்டையும் பெர்லியோஸையும் நெருங்கவிட விரும்பாதவர். அவரது தூய நிகழ்ச்சிநிரல் அலுப்புக்கே உவமையாகும் அளவுக்குப் போயிற்று என்று அக்காலத்தவரே கேலி செய்தார்கள். பிறகு ஹிக்கின்ஸன் வந்தார். 1881இல் ஜார்ஜ் ஹென்ஷல் நடத்துநராகப் புதிய இசைக்குழு பிறந்தது. பற்றாக்குறையை ஆண்டுதோறும் தன் கையிலிருந்து ஈடுகட்ட ஒரே மனிதர் நின்றார். அடுத்த ஆண்டே வாத்தியக்காரர்களின் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களைத் தன் குழுவுக்கே உரியதாக்கும் ஒப்பந்தத்தையும் அவர் முன்வைத்தார். டிமாஜியோ சொல்வது இந்த இடத்தில் முழுக்கச் சரி. கலைஞர்களின் நேரத்தைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் சங்கத்துக்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் இதிலிருந்து சந்தா முறையே தோற்றது என்று முடிவுகட்டுவது, நெல் விளையாததற்குத் தென்னையைக் குறைசொல்வது போன்றது. இசைக்குழு தோற்றது, சங்கம் தோற்கவில்லை. 1892இல் அது செஸ்ட்நட் தெருவில் சொந்த வீட்டுக்குக் குடிபோனது. இன்றும் அங்கே இருக்கிறது.

சரி, 1837இன் முதல் நோக்கம் என்ன ஆயிற்று? ஹார்வர்டில் 1855இல் லீவை பார்சன்ஸ் ஹோமர் இசை ஆசிரியராக அமர்த்தப்பட்டார். 1862இல் அவர் மறைந்தபின் அந்த இடத்துக்கு வந்தவர் ஜான் நோல்ஸ் பெய்ன். பெர்லினில் ஆர்கன் பயின்று திரும்பியிருந்த இருபத்துமூன்று வயது இளைஞர். அவர் நடத்திய முதல் விரிவுரைகளுக்கு ஊதியமும் இல்லை, பட்டத்துக்கான மதிப்பும் இல்லை. 1869இல் சார்லஸ் எலியட் ஹார்வர்டின் தலைவரான பின் நிலைமை மாறியது. 1875இல் பெய்ன் முழுப் பேராசிரியரானார். அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் இசைக்கு அமைந்த முதல் முழுப் பேராசிரியர் பதவி அது என்று பொதுவாகச் சொல்வார்கள். டுவைட்டின் அறிக்கைக்கும் இதற்கும் முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளி.

இந்த இடைவெளியில் சங்கத்தின் கை எவ்வளவு? நேரடிச் சான்று கனமாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எலியட்டின் சீர்திருத்த வேகம் ஒன்றே போதும் என்று எதிர்வாதம் வைக்கலாம். ஆனால் எலியட் அறிவியலையும் விருப்பப்பாட முறையையும் கொண்டுவந்தவர். இசையை ஏன் அந்தப் பட்டியலில் சேர்த்தார் என்பதற்கு அவரது பொதுக்கொள்கை மட்டும் விடையாகாது. ஹார்வர்ட் ஆட்சிக்குழுவில் இருந்த வரலாற்றாசிரியர் ஃபிரான்சிஸ் பார்க்மன், செலவைக் குறைக்கும் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் இசைத்துறையை மூடச் சொல்வாராம் என்றொரு கதை உண்டு. கதை மிகையாகவே இருக்கட்டும்; உள்ளே இருந்தவர்களுக்கு அந்தப் பதவி இயல்பாகத் தோன்றவில்லை என்பதையாவது அது காட்டுகிறது. உள்ளே விருப்பமில்லாத இடத்தில் ஒரு பாடம் நிலைத்ததென்றால், வெளியே அதைக் கேட்டுக்கொண்டே இருந்த ஒரு கூட்டம் இருந்திருக்க வேண்டும். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக ஆண்டுதோறும் கூடி, பல்கலைக்கழகப் பெயரில் இசைக்காகக் குரல்கொடுத்துவந்த பழைய மாணவர் கூட்டம் வேறெது? இது அனுமானம்தான், ஆனால் டிமாஜியோவின் சட்டகத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை. அங்கே அளவுகோல் கச்சேரி மேடை; வகுப்பறை கணக்கிலேயே வரவில்லை.

இதே இடத்தில் கவர்ச்சியான ஒரு விளக்கமும் காத்திருக்கிறது. டுவைட் 1841 முதல் ப்ரூக் ஃபார்ம் என்ற கூட்டுவாழ்வுப் பண்ணையில் சேர்ந்து, அது கலையும்வரை அங்கிருந்தவர். ஃபூரியேவின் கூட்டுறவுக் கருத்துகளில் ஊறியவர். ஆகவே சங்கத்தின் சந்தா முறை அந்தக் கனவின் இசை வடிவம் என்று சொல்லிவிடத் தோன்றும். 1865ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு இது ஓரளவு பொருந்தலாம். 1837க்குப் பொருந்தாது; ப்ரூக் ஃபார்ம் அப்போது பிறக்கவே இல்லை. சங்கத்தின் மூலத்தைத் தேட வேண்டிய இடம் அந்தப் பண்ணை அல்ல. காஸெட் தனியாக நடத்தியதாகச் சொல்லப்படும் அந்தக் கூட்டமும், பட்டமளிப்பு நாளின் விருந்து மேசையும்தான். அந்த விருந்தின் பங்கைக் குறைத்து மதிப்பிடுவது ஆய்வாளர்களின் வழக்கம். சாப்பாடு இல்லாமல் எந்தச் சங்கம் ஐம்பது ஆண்டு தாண்டியிருக்கிறது?

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்றையும் இங்கே வைத்துவிடுகிறேன்: நூலகம். 1837இல் பல்கலைக்கழகத்தை முன்னிட்டுப் பேசப்பட்ட நூலகம், கடைசியில் சங்கத்தின் சொந்த நூலகமாக பாஸ்டனில் நிலைத்தது. இருபது ஆண்டு தலைவராக இருந்த டுவைட்டும் தம் கடைசிக் காலத்தைச் சங்கத்தின் அறைகளிலேயே கழித்து, 1893 செப்டம்பரில் மறைந்தார். சந்தாப் பணம் பல்கலைக்கழகத்துக்குச் சென்று சேராமல் சந்தாக்காரர்களின் மன்றமாகவே சுருண்டுகொண்டது என்று டிமாஜியோ பக்கத்தில் நிற்பவர் சொல்லலாம். நூல்களைப் பொறுத்தவரை என்னிடம் மறுப்பில்லை. பெய்னின் பதவியைப் பொறுத்தவரை மறுக்கிறேன். இந்த இரண்டும் ஒரே சங்கத்தின் இரு விளைவுகள் என்பதால், ஆண்டைக் குறிக்கும்போதும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு மனமில்லை: பல்கலைக்கழகத்தை நோக்கிய சங்கத்துக்கு 1837 என்றும், தன் பெயரில் தானே நிற்கத் தொடங்கிய சங்கத்துக்கு 1840 என்றும் எழுதுகிறேன்.