தோற்றவனுக்கு ஏன் தோற்றோம் என்று தெரிய வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் கையில் ஃபோனோடு இருக்கும் வீடுகளில் உள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

கேகாலைப் பக்கம் படிப்பிக்கும் எங்களுக்கு இடைவேளையில் அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்குவாதம்: "டெக்கன் பெரிசா, ஸ்ட்ரீட் ஃபைட்டர் பெரிசா?" நடுவில் ஒருவன் மோர்ட்டல் கொம்பாட் என்பான். சண்டை முற்றுவதற்குள் மணி அடித்துவிடும். இந்தக் கேள்விக்கு முப்பது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைச் சொன்னால் வெறும் கேம் கதையாக முடியாது. நியாயமான போட்டி என்றால் என்ன என்ற கேள்வியும் அதோடு வரும்.

1991இல் ஜப்பானின் கேப்கொம் நிறுவனம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ஐ வெளியிட்டது. அதுவரை கேம் கடைக்குப் போனவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தோடு மோதிப் புள்ளி சேர்த்தார்கள். இந்த விளையாட்டு வந்த பிறகு, பக்கத்தில் நிற்கும் மனிதனோடு மோதுவதுதான் ருசி என்றாகிவிட்டது. ஒரு அடி விழுந்து எதிராளி சுதாரிப்பதற்குள் அடுத்த அடியைக் கோர்க்கும் 'கொம்போ' கூட யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. சோதனையின்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது, அப்படியே விட்டுவைத்தார்கள். இன்று இந்த வகை விளையாட்டு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

போட்டித் தொடர்கள் உடனே வந்தன. முதலாவது ஸ்ட்ரீட் ஃபைட்டரை (1987) உருவாக்கிய தகாஷி நிஷியாமா, கேப்கொமை விட்டு எஸ்.என்.கே. நிறுவனத்துக்குப் போய் ஃபேட்டல் ஃபியூரியைச் செய்தார். அந்த வழியில் 1994இல் மூவர் கொண்ட அணியாக மோதும் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் பிறந்தது. அமெரிக்காவில் 1992இல் வந்த மோர்ட்டல் கொம்பாட் இரத்தத்தைக் காட்டிப் பெயர் எடுத்தது. அடுத்த வருடமே அந்த நாட்டு செனட் சபை அதைப் பற்றி விசாரித்தது, 1994இல் கேம்களுக்கு வயதுத் தரப்படுத்தல் வந்தது. 1993இல் சேகாவின் வர்ச்சுவா ஃபைட்டர் சண்டையை முப்பரிமாணத்துக்குக் கொண்டுபோனது. அங்கே வேலை செய்த செய்ச்சி இஷி நாம்கோவுக்கு மாறி, 1994இல் டெக்கனை இயக்கினார். ஆக, பிள்ளைகள் எதிரிகளாக நினைக்கும் இந்தத் தொடர்களில் பல ஒரே பட்டறைகளிலிருந்து வெளியேறிய ஆட்களின் கைவேலை.

வித்தியாசம் எங்கே? ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஆறு பட்டன்கள்: மூன்று குத்து, மூன்று உதை, ஒவ்வொன்றிலும் மெல்லியது, நடுத்தரம், பலம். தூரத்தை அளந்து நிற்பவன் அங்கே வெல்வான். டெக்கனில் நான்குதான்: இடது கை, வலது கை, இடது கால், வலது கால். அங்கே பக்கவாட்டில் விலகுவதும் பின்வாங்குவதும் தனிக் கலை. கொரிய வீரர்கள் வளர்த்த ஒரு பின்வாங்கும் முறைக்கு அவர்கள் நாட்டின் பெயரே நிலைத்துவிட்டது. கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் ஏழை நாடுகளில் பரவியதற்குக் காரணம் வேறு. எஸ்.என்.கே.யின் கேம் பெட்டியில் ஒரே நேரத்தில் பல விளையாட்டு அட்டைகளைப் போடலாம். சின்னக் கடைக்காரனுக்கு அது கட்டுபடியானது.

அப்படி அந்த விளையாட்டு வேரூன்றிய ஊர்களில் ஒன்று பாகிஸ்தானின் லாகூர். அர்ஸ்லான் சித்தீக் என்ற இளைஞர், 'அர்ஸ்லான் ஏஷ்' என்ற பெயரில் உலகுக்குத் தெரிந்தவர், அந்த ஊர்க் கடைகளில் பழகியவர். டெக்கன் 7 ஜப்பானிய, கொரியக் கடைகளுக்கு 2015இலேயே வந்துவிட்டது. வீட்டில் விளையாடும் பதிப்பு வெளியானது 2017 ஜூனில். லாகூர்ப் பையன்கள் இரண்டு வருடம் பின்தங்கித் தொடங்கினார்கள். ஆனால் 2019 பெப்ரவரியில் ஃபுகுவோகா நகரில் நடந்த 'ஈவோ ஜப்பான்' போட்டியில் வென்றவர் அர்ஸ்லான். விசா அலைச்சல், பயணச் சிக்கல் எல்லாம் தாண்டி வந்து வென்றார். வென்ற பிறகு, எங்கள் நாட்டில் இன்னும் பலமான ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். கேட்டவர்கள் பணிவுப் பேச்சு என்று நினைத்தார்கள்.

கொரியாவின் பே ஜே-மின் அப்படி நினைக்கவில்லை. ஆங்கிலத்தில் முழங்கால் என்று பொருள்படும் 'நீ' என்பது அவருடைய விளையாட்டுப் பெயர். டெக்கன் உலகின் மூத்த சம்பியன்களில் ஒருவர். அவர் பாகிஸ்தானுக்கே போய், அங்கிருந்த பையன்களோடு உட்கார்ந்து விளையாடி, தோற்றும் பார்த்தார். அதே 2019 ஓகஸ்ட்டில் லாஸ் வேகாஸில் ஈவோ இறுதிப் போட்டியில் அர்ஸ்லானும் அவரும் மோதினார்கள். அர்ஸ்லான் வென்றார். 2023இலும் 2024இலும் மீண்டும் ஈவோ பட்டம் எடுத்தார்.

ஒரு முஸ்லிம் பையன் வென்றான் என்று எங்கள் பிள்ளைகள் பெருமைப்படுகிறார்கள். படட்டும். ஆனால் எதனால் வென்றான் என்பதையும் சேர்த்துச் சொல்வது எங்கள் கடமை. லாகூரில் ஒரே அறையில் பத்துப் பேர் முறை வைத்து மோதினார்கள், தோற்றவன் ஏன் தோற்றான் என்பதைப் பேசித் தீர்த்தார்கள். அந்தப் பழக்கம் எந்தச் சமூகத்துக்கும் தனிச் சொத்தல்ல.

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருவோம். தீவிரமாக மோதுபவர்கள் ஒரு தொடரில் எதை மதிக்கிறார்கள்? படத்தின் அழகைக் கடைசியில்தான் சொல்வார்கள்.

முதலாவது, கணக்குத் தெரிய வேண்டும். திரையில் விநாடிக்கு 60 படங்கள் ஓடுகின்றன. டெக்கனில் பெரும்பாலான வீரர்களின் வேகமான குத்து 10 படங்களில் விழும், அதாவது விநாடியில் ஆறில் ஒரு பங்கு. எதிராளியின் அடியை நாங்கள் தடுத்த பிறகு அவன் எங்களைவிட 10 படங்கள் பிந்திப் போனால், அந்தக் குத்து எட்டும் தூரத்தில் உறுதியாக விழும். 9 என்றால் அவன் தடுத்துவிடலாம். இந்த எண்களைத் தெரிந்தவனுக்கு ஒவ்வொரு தோல்விக்கும் விளக்கம் இருக்கிறது. டெக்கன் 7இல் இந்த எண்களைக் காட்டும் வசதியை 2019இல் தனியாகக் காசுக்கு விற்றபோது வீரர்கள் கோபப்பட்டார்கள். 2023இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 அதைப் பயிற்சிப் பகுதியில் இலவசமாகவே வைத்தது. புள்ளித்திட்டத்தைப் பூட்டிவைத்துப் பரீட்சை நடத்தினால் பிள்ளை எப்படித் திருந்தும்? அதே நியாயம்தான்.

இரண்டாவது, கை சொன்னதைத் திரை உடனே கேட்க வேண்டும். 2016இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5இல் பட்டனை அழுத்தியதற்கும் திரை அசைவதற்கும் இடையில் சுமார் 8 படத் தாமதம் இருப்பதை வீரர்களே அளந்து காட்டினார்கள். நிறுவனம் பின்னர் அதைக் குறைத்தது. இணையத்தில் தாமதம் இன்னும் கொடுமை. ஈவோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான டோனி கேனன், 2006இல் அதற்கு ஒரு வழி செய்தார். தூரத்து ஆளின் அசைவு வந்து சேரும்வரை விளையாட்டு காத்திருக்காது. ஊகித்து ஓடும், ஊகம் பிழைத்தால் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். கொரோனாவில் எல்லோரும் வீட்டில் அடைபட்டபோது, இந்த முறை இல்லாத தொடர்களின் குறை வெளிச்சத்துக்கு வந்தது.

மூன்றாவது, வெற்றி உழைப்பில் வர வேண்டும். உயிர்க்கோடு குறைந்தவனுக்குப் பலம் கூட்டும் ஏற்பாடுகளைப் பல தொடர்கள் கொண்டுவந்தன. பார்ப்பவர்களுக்கு அது விறுவிறுப்பு. மோதுபவர்களில் பலருக்கு அது முன்னால் போனவனுக்குத் தண்டனை. 2024இல் வந்த டெக்கன் 8 தாக்குபவனுக்கு அதிகம் சாதகம் என்ற முறைப்பாடு 2025 ஏப்ரல் மாற்றங்களோடு பெரிய எதிர்ப்பாகவே வெடித்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கடினமாகவே வைத்தால் புதியவன் வரமாட்டான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் சிறப்பு அடிகளை ஒரே பட்டனில் அடிக்கும் முறை ஒன்று உண்டு. அப்படி அடித்தால் அந்த அடியின் சேதம் குறையும். மூத்தவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் ஆளே இல்லாத மைதானத்தில் நியாயமான விதி இருந்து என்ன பயன்? வயதும் இங்கே பெரிய தடையில்லை. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5இல் தங்கம் வென்ற கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு 44 வயது.

இதையெல்லாம் ஏன் கேகாலையில் இருந்து எழுதுகிறோம்? எங்கள் பிள்ளைகள் ஃபோனில் விளையாடும் கேம்களில் பல, காசு போட்டவனுக்கு நல்ல ஆயுதமும் அலங்காரமும் கொடுக்கின்றன. வாப்பா வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் காசு, ரப்பர்த் தோட்டத்தில் உம்மா வெட்டும் பாலின் காசு அதில் கரைவதைக் காண்கிறோம். "கேம் எல்லாமே கெட்டது" என்று ஒரே அடியாகச் சொன்னால் பிள்ளை காது கொடுக்காது. "இதில் காசு கூடினால் அடி பலமாகுமா? தோற்றால் காரணம் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். யோசிக்கத் தொடங்குவான்.

இலங்கை விளையாட்டுத்துறை அமைச்சும் 2019இல் மின் விளையாட்டை ஒரு விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. அதற்காக ஓ.எல். புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லவில்லை. இதில் வயிறு வளர்ப்பவர்கள் உலகத்திலேயே கொஞ்சப் பேர்தான். தொழுகை, படிப்பு, தூக்கம், இவற்றுக்குப் பிறகுதான் விளையாட்டு. ஆனால் விளையாடும் அந்த ஒரு மணித்தியாலத்தில் தனியறையில் ஃபோனோடு கிடப்பதைவிட, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மோதி, தோற்றவன் வென்றவனிடம் "எப்படிச் செய்தாய்?" என்று கேட்பது நல்லது. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியவன் கணித பாடத்திலும் கேட்பான்.

மாவனல்லை, வரக்காப்பொல, ருவன்வெல்ல, யட்டியாந்தோட்டைப் பக்கம் முன்பு மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து பிளேஸ்டேஷன் விளையாடிய கடைகள் ஞாபகம் இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். எந்த வருடம், எந்த விளையாட்டு, யாரை வெல்ல முடியாமல் இருந்தது? இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அதுவும் வரலாறுதான்.